பெயரை மீட்போம், கல்லைக் காப்போம்

ஊர் என்பது மண்ணாலும் மனையாலும் மட்டும் அமைவதன்று, பெயராலும் அமைவது. மண்ணை உழவன் பண்படுத்துகிறான். மனையைக் கொற்றனும் தச்சனும் எழுப்புகின்றனர். பெயரை ஆக்குபவர் யார் எனக் கேட்டால் விடை அத்துணை எளிதாகக் கிடைப்பதில்லை. வாழ்பவர் வழங்கும் பெயர் ஒன்று. ஆள்பவர் எழுதும் பெயர் மற்றொன்று. வணிகர் கடல் கடந்து கொண்டுசெல்லும் பெயர் வேறொன்று. இம்மூன்றும் தம்முள் பொருந்தாதபோது எழுவதே ஊர்ப்பெயர் மாற்றம் பற்றிய வழக்காகும். அயலார் ஆட்சி விட்டுச்சென்ற கட்டடங்களையும் சிலைகளையும் கல்லறைகளையும் காப்பதா, அகற்றுவதா என்னும் வழக்கு அதனுடன் பிறந்த இரட்டைப் பிள்ளை. நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், இவ்விரு வழக்குகளையும் எல்லையோர ஊராகிய பொதட்டூர்பேட்டையில் நின்று நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே வீடு, பல முகவரி

எங்கள் வீட்டுப் பரணில் தகரப் பெட்டி ஒன்று உண்டு. தறிக்குழி இருந்த பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது அதனைக் கீழிறக்கித் திறந்தோம். பாட்டனாரின் தந்தையார் காலத்து நிலப் பத்திரத்தில் ‘வட ஆர்க்காடு ஜில்லா’ என்றிருந்தது. பாட்டனார் காலத்துக் கடன் சீட்டில் ‘சித்தூர் ஜில்லா’. என் தந்தையாரின் திருமண அழைப்பிதழில் ‘செங்கற்பட்டு மாவட்டம்’. என் பள்ளிச் சான்றிதழில் ‘செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்’. என் மகளின் பிறப்புச் சான்றிதழில் ‘திருவள்ளூர் மாவட்டம்’. வீடு ஓரடியும் நகரவில்லை. குடும்பமும் வேறூர் புகவில்லை. ஐந்து தலைமுறைக்குள் முகவரி மட்டும் ஐந்து முறை எழுதப்பட்டுள்ளது.

இதன் பின்னுள்ள வரலாறு நம் உறுப்பினர் பலரும் அறிந்ததே. 1911இல் வட ஆர்க்காட்டினின்று பிரிக்கப்பட்ட பகுதிகளையும் கடப்பை மாவட்டத்தின் சில பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுமையும் அதனுள் அடங்கியது. தமிழ் பேசும் ஊர்கள் பல ஒரே இரவில் அயல் மாநிலத்து ஊர்களாயின. ம.பொ. சிவஞானம் அவர்களின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியது. அதற்கு முன்னரே இப்பகுதிச் சிற்றூர்களில் தமிழ் கற்பித்து எல்லை உணர்வை வளர்த்தவர் தமிழாசிரியர் மங்கலங்கிழார். பின்னர்ப் படாஸ்கர் அவர்கள் வகுத்த நெறியின்படி எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. 1997இல் செங்கை மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவள்ளூர் மாவட்டம் தோன்றியது.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. படாஸ்கர் நெறி சிற்றூரை அலகாகக் கொண்டது; அவ்வூரில் பெரும்பான்மையோர் பேசும் மொழி எது, அவ்வூர் எப்பக்கத்து நிலத்தோடு தொடர்ந்து கிடக்கிறது என்று பார்த்தது. ஊர்தோறும் மொழிவாரியாக எடுத்த குடிமதிப்புக் கணக்கு இல்லையேல் இவ்வழக்கை வாதிட்டிருக்க இயலாது. குடிமதிப்பும் நில அளவையும் ஊர்ப் பதிவேடும் இன்றுள்ள வடிவில் இங்கு வேரூன்றியது வெள்ளையர் ஆட்சியில்தான். அவர்கள் அவற்றை நமக்காகச் செய்யவில்லை. வரி தண்டவும் ஆளவும் செய்தனர். எனினும் அவர்கள் பழக்கிய கணக்கே நாம் நம் மண்ணைக் கேட்டபோது நமக்குச் சான்றாகி நின்றது. ஆளவந்தவன் எழுதிய ஏடு ஆளப்பட்டவனுக்குச் சான்றாகும் இவ்விந்தையை மனத்திற்கொண்டு மேற்செல்வோம்.

மீட்ட பெயரும் சூட்டிய பெயரும்

பெயர் மாற்றம் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பிழை. மக்கள் வாயில் வழங்கிவரும் பெயரை ஆட்சி ஏட்டிலும் ஏற்றுவது ஒருவகை. அதனை மீட்ட பெயர் எனலாம். மக்கள் வழக்கில் இல்லாத ஒன்றை ஆணையால் வைப்பது மற்றொருவகை. அது சூட்டிய பெயர்.

1996இல் ‘மெட்ராஸ்’ என்னும் பெயர் சட்டத்தால் ‘சென்னை’ ஆனபோது எழுந்த வாதங்கள் பல. சென்னை என்பது தமிழ்ச் சொல்லே அன்று என்றனர் சிலர். 1639இல் கிழக்கிந்தியக் கும்பினிக்கு நிலம் அளித்த நாயக்கர்களின் தந்தையார் தாமர்ல சென்னப்ப நாயக்கர். அவர் பெயரால் வந்ததே சென்னப்பட்டினம் என்பது பெருவழக்கான விளக்கம். அவ்வாறாயின் தெலுங்கர் ஒருவர் பெயரை மீட்டு என்ன பயன் என்று கேட்டனர். இவ்வினாவுக்கு எல்லையோரத்தவராகிய நாம் எளிதில் விடை கூறலாம். பெயருக்கு உரிமை தருவது சொல்லின் குலமன்று, வழங்குவோரின் நா. பேட்டை என்னும் சொல்லைத் தமிழர் பேட்டை என்கிறோம். தெலுங்கர் பேட்ட என்கின்றனர். நம் தெருவில் இரண்டும் ஒலிக்கின்றன. இரண்டும் நம் ஊரையே குறிக்கின்றன. சென்னை என்னும் பெயரும் அத்தகையதே. தமிழ் ஏடுகளும் இதழ்களும் 1996க்கு நெடுங்காலம் முன்னரே ‘சென்னை ராஜதானி’, ‘சென்னை மாகாணம்’ என்றுதான் எழுதின. அச்சட்டம் தமிழர் வாயை மாற்றவில்லை; ஆங்கிலப் பலகையைத் தமிழர் வாய்க்கு இணங்கச் செய்தது.

தமிழ்நாடு என்னும் பெயரோ உயிர் கொடுத்து மீட்ட பெயர். சங்கரலிங்கனார் விருதுநகரில் 1956 சூலை 27ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கி, அக்டோபர் 13ஆம் நாள் உயிர் துறந்தார். அவர் முன்வைத்த கோரிக்கைகளுள் மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுவதும் ஒன்று. 1967 சூலை 18ஆம் நாள் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் அதற்குரிய தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 1969 சனவரி 14ஆம் நாள், தைத்திருநாளில், அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. புலவர் பெருமக்கள் நெடுங்காலம் பாட்டில் வழங்கிய பெயர் அரசிதழில் ஏறுவதற்கு ஒரு முதியவர் எழுபது நாளுக்கு மேல் பசித்திருக்க வேண்டியிருந்தது. பெயர் என்பது வெறும் ஒலிதானே என்போர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

சூட்டிய பெயர்களின் கதை வேறு. மாவட்டங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயரைச் சூட்டும் வழக்கம் ஒரு காலத்தில் பெருகியது. எந்தத் தலைவர் எந்தச் சமூகத்தவர் என்று நோக்கும் கேடு அதனுள் புகுந்தது. 1997இல் தென் மாவட்டங்களில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குச் சூட்டிய பெயரை ஒட்டிக் கலவரம் மூண்டது. அதன்பின் அரசு மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அனைத்தினின்றும் தலைவர் பெயர்களை நீக்கியது. போற்றுதற்குரிய பெரியோர் பெயர்கள் பேருந்தின் நெற்றியில் ஏறிய வேகத்திலேயே இறங்கின. சான்றோரைப் பிழை சொல்வதற்கில்லை. வேரில்லாத இடத்தில் நட்டவர் செய்த பிழை அது.

இன்னொரு வகையும் உண்டு, அது கொடியது. ஈழத்தில் முல்லைத்தீவை ஒட்டிய மணலாறு என்னும் பகுதி 1988இல் ‘வெலி ஓயா’ ஆக்கப்பட்டது. சிங்களத்தில் அதற்கும் மணல் ஆறு என்றே பொருள். பொருள் மாறவில்லை, நாவும் வாழ்வோரும் மாற்றப்பட்டனர். தமிழ்க் குடிகள் பெயர்த்தெடுக்கப்பட்ட பின்னர் அங்குப் பெயரும் பெயர்க்கப்பட்டது. ஆகவே, பெயர் மாற்றம் என்றாலே விடுதலை என்று கைதட்டுவதும் தகாது. மாற்றுபவர் யார், வாழ்பவரைக் கேட்டனரா என்பதே முதல் வினா.

எழுத்துக்கூட்டும் சிக்கல் பற்றியும் ஒரு சொல். வெள்ளையர் நாவில் தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ ஆயிற்று. தூத்துக்குடி ‘டூட்டிக்கோரின்’ ஆயிற்று. திருவள்ளூர் ‘டிரிவெல்லூர்’ ஆயிற்று. நம் பொதட்டூர்பேட்டையும் ஆங்கில ஏட்டில் ‘பொடட்டூர்பேட்’ எனக் குறுகியது. 2020இல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. நோக்கம் நன்று. ஆயினும் கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் எந்த எழுத்தை எத்தனை முறை இடுவது என்பதிலேயே ஊர் சிரித்தது. சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒலிபெயர்ப்புக்கு உடன்பட்ட நெறி ஒன்றை முதலில் வகுத்துக்கொள்ளாமல் பலகை எழுதப் புகுந்ததால் வந்த விளைவு இது. தமிழறிஞரும் ஊராரும் ஒருங்கமர்ந்து செய்யவேண்டிய பணி அலுவலகப் பட்டியலாகச் சுருங்கிப்போயிற்று.

பழவேற்காட்டில் இரண்டு எலும்புக்கூடுகள்

பெயரினின்று கல்லுக்கு வருவோம். நம் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நாம் இருக்கிறோம். கிழக்குக் கோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைக் கடந்து கடலோரம் சென்றால், பழவேற்காடு. ஒல்லாந்தர் அங்கு 1613இல் செல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடமாக அது நெடுங்காலம் விளங்கியது. கோட்டை இன்று மண்மேடு. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டமோ இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. அதன் வாயிலில் இருமருங்கும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நிலையாமையை நினைவூட்ட வைத்தவை அவை.

ஒல்லாந்தர் ஏன் வந்தனர்? நம் முன்னோர் நெய்த துணிக்காக வந்தனர். கீழைத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் வாங்குவதற்குப் பொன்னினும் மேலாகச் செல்லுபடியானது சோழமண்டலத் துணி. பழவேற்காட்டிலிருந்து சென்ற கட்டம் போட்ட துணிக்கு அவ்வூர்ப் பெயரே நிலைத்தது. மலாய் மொழியில் இன்றும் கட்டம் போட்ட கைலியைக் ‘காயின் பெலேக்காட்’ என்கின்றனர். காயின் என்றால் துணி. பெலேக்காட் என்பது பழவேற்காடு என்பதன் திரிபு. அதுபோலவே ‘மெட்ராஸ்’ என்பது உலகத் துணிச் சந்தையில் ஒருவகைக் கட்டத் துணிக்குப் பெயர். 1996க்குப் பின்னும் அத்துணி ‘சென்னை’ ஆகவில்லை. திரிந்த பெயர் எனினும் நெசவாளன் கைத்திறனுக்குக் கிடைத்த பட்டயமன்றோ அது! அதனை அழிக்க எச்சட்டத்துக்கும் ஆற்றல் இல்லை. அழிக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் அதே துறையினின்று ஏறியது துணி மட்டுமன்று. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் போராலும் நலிந்த மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கப்பட்டுப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. பெயர் பொறித்த பலகை இல்லை. அவர்களை விற்றவர்க்கும் வாங்கியவர்க்கும் அழகிய எழுத்தில் கல் நிற்கிறது. இதனைக் கண்டு வெகுளும் இளைஞர், இக்கல்லை ஏன் காக்கவேண்டும் என்று கேட்பது இயல்பே. அவ்வெகுளியை நான் மதிக்கிறேன்.

எனினும் எண்ணிப்பாருங்கள். அக்கல்லறைகளை உடைத்தெறிந்து அவ்விடத்தில் ஒரு வணிக வளாகம் எழுந்தால், நூறாண்டு கழித்து வருபவர்க்கு அங்கே ஒல்லாந்தர் இருந்தனர் என்பதற்குக் கண்முன் யாது சான்று நிற்கும்? ஒல்லாந்தர் இல்லையெனில் அவர் ஏற்றிச் சென்ற அடிமைகளும் இல்லையாவர். குற்றவாளியின் கல்லை அழித்தால் குற்றத்தின் தடமும் அழியும். ஆகவே அக்கல் காக்கப்பட வேண்டுவது அவர் பெருமைக்காக அன்று, நம் வழக்குக்காக. வாயிலில் நிற்கும் எலும்புக்கூடுகள் அவரவர் இறப்பை நினைவூட்ட அவர்கள் செதுக்கியவை. பெயரற்றுப் போன நம்மவர் இறப்பையும் அவையே நினைவூட்டட்டும். அங்குக் குறைவது சுத்தியல் அன்று. கப்பலேறிச் சென்ற மக்களைப் பற்றித் தமிழில் நாட்டவேண்டிய ஒரு கல்வெட்டு.

நீலும் மன்றோவும்

சென்னை நகரம் இவ்வழக்குக்கு ஒரு தீர்வை எண்பது ஆண்டுக்கு முன்பே கண்டது. 1857 எழுச்சியின்போது வடநாட்டில் ஈவிரக்கமின்றி மக்களைத் தூக்கிலிட்ட தளபதி நீல் என்பவனுக்கு மவுண்ட் ரோடில் சிலை வைத்திருந்தனர். 1927இல் அதனை அகற்றக் கோரி அறப்போர் மூண்டது. தமிழகமெங்கும் இருந்து தொண்டர்கள் வந்து சிறைப்பட்டனர்; கடலூர் அஞ்சலையம்மாள் தம் இளம் மகளுடன் சிறை சென்றார். அண்ணல் காந்தியடிகள் அப்போரை அறவழியில் நடத்த அறிவுரை வழங்கினார். 1937இல் இராசாசி அமைச்சரவைக் காலத்தில் சிலை சாலையினின்று அகற்றப்பட்டது. உடைக்கப்படவில்லை, பின்னர் எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தது.

அதே சாலையின் மறுகோடியில், தீவுத்திடலருகே, சர் தாமஸ் மன்றோ குதிரைமீது அமர்ந்திருக்கிறார். 1820 முதல் 1827 வரை ஆளுநராக இருந்தவர். சிற்பி சாண்ட்ரி வடித்த இச்சிலை 1839இல் நிறுவப்பட்டது. அங்கவடி இல்லாமல் அமர்ந்த சிலை என்று பள்ளிப் பிள்ளையும் கதை சொல்லும். இதனை அகற்ற நீல் சிலைக்கு எழுந்தது போன்ற மக்கள் போர் எழவில்லை. காரணம் யாது? மன்றோவும் கும்பினியின் ஊழியரே, பாளையக்காரர்களை ஒடுக்கியவரே. ஆயினும் இடைத்தரகரை விலக்கி உழவனிடமே நேரே நிலவரி கொள்ளும் இரயத்துவாரி முறையை நிலைநாட்டியவர் என்றும், குடிகளின் மொழியறிந்து பேசியவர் என்றும் மக்கள் நினைவில் நின்றார். ஊர்தோறும் இருந்த திண்ணைப் பள்ளிகளைக் கணக்கெடுக்க 1822இல் ஆணையிட்டவரும் அவரே. அக்கணக்கைக் கொண்டுதான் தரம்பால் அவர்கள் 1983இல் வெளியிட்ட நூலில், வெள்ளையர் வருமுன் இந்நாட்டில் கல்வியே இல்லை என்ற கூற்றை மறுத்தார். இங்கும் அதே விந்தை: ஆளவந்தவர் ஏடு நமக்குச் சான்றாயிற்று.

அகற்றியது ஒரு சிலை, விட்டுவைத்தது மற்றொன்று. இவ்வேறுபாட்டை எந்த ஆணையும் எழுதித் தரவில்லை. மக்கள் மனச்சான்று தானே கண்டறிந்தது. நடுச்சாலையில் நிற்பது மதிப்பு. காட்சிக்கூடத்தில் நிற்பது சான்று. மதிப்புக்கு உரிமை இழந்தவன் சான்றாக நிற்கலாம். 2020 சூன் மாதம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகன் கோல்ஸ்டனின் சிலையை மக்கள் வீழ்த்தித் துறைமுக நீரில் தள்ளினர். நகராட்சி அதனை மேலெடுத்துத் தன் அருங்காட்சியகத்தில், நிறுத்தாமல் கிடத்தியே, காட்சிக்கு வைத்தது. உலகம் வியந்த அத்தீர்வின் சாரத்தை நம் மக்கள் கல்லெறியாமல், சிறைபுகுந்து, 1937லேயே பெற்றுத் தந்தனர் என்பது நாம் தலைநிமிரும் செய்தியாகும்.

காக்கத் தவறியவை

காப்பதில் நாம் எவ்வாறு இருக்கிறோம்? 1900இல் எழுந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்து போயிற்று. அதனை ஓர் ஆங்கிலேயர் பெயர் தாங்கிய கட்டடம் என்று மட்டும் எண்ணுவோர், அதன் பழைய புத்தகக் கடைகளை அறியாதவர். கைப்பொருள் குறைந்த புலவரும் மாணவரும் அரிய பதிப்புகளை அங்கேதான் கண்டெடுத்தனர். அவ்விடத்தில் இன்று புறநகர் இரயில் நிலையம் நிற்கிறது. திருவள்ளூரிலிருந்து மின்வண்டியேறிச் சென்று இறங்கும் நம் இளங்கவிஞர் எத்தனை பேருக்கு, தாம் நிற்பது ஒரு நூற்கடலின் சாம்பல்மேல் என்பது தெரியும்?

காத்தவையும் உண்டு. தென்னாட்டின் முதல் இரயில் 1856இல் இராயபுரத்தினின்று புறப்பட்டு நம் திருவள்ளூர் வழியே வாலாசா ரோடு வரை ஓடியது. அந்த இராயபுரம் நிலையக் கட்டடம் சிதைவுற்றுக் கிடந்து, 2005இல் புதுப்பிக்கப்பட்டது. அதன் தூண்கள் வெள்ளையர் திட்டத்தில் எழுந்தவை; ஆனால் செங்கல் சுமந்தவரும் சுண்ணாம்பு அரைத்தவரும் நம்மவர். கட்டடத்தை இடித்தால் திட்டம் போட்டவர் பெயர் நூல்களில் நிலைக்கும். கட்டியவர் கையின் தடம் மட்டுமே அழியும்.

கல்லிலும் தமிழ் பேசிய கல் உண்டு. சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ் துரை, குடிநீர்த் தட்டுப்பாட்டின்போது கிணறுகள் தோண்டுவித்து, இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் 1818இல் ஒரு கல்லை நாட்டினார். அதில் பொறித்தது ஆங்கிலமன்று, தமிழ்ச் செய்யுள். அதனுள்ளே நீர்வளம் பற்றிய திருக்குறள் ஒன்றும் அமைந்துள்ளது. அயலார் ஆட்சிக்காலக் கற்களை எல்லாம் பெயர்க்க வேண்டும் என்பாரிடம், வள்ளுவரைத் தாங்கிய இக்கல்லையுமா என்று கேட்க வேண்டியுள்ளது.

சட்டம் இவ்வழக்கை முழுதும் தீர்த்துவிடவில்லை. நூறாண்டு கடந்த சின்னங்களைக் காக்க 1958ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் உண்டு. மாநிலத்துக்கெனத் தனிச் சட்டங்களும் உண்டு. ஆயினும் 2023இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள டேவிட் ஏலின் கல்லறையை வேறிடத்துக்கு மாற்றுமாறு அந்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தொல்லியல் துறைக்கு ஆணையிட்டார். ஆளுநர் எலிகு ஏல் தம் மகனுக்காக எழுப்பிய கல்லறை அது. வண்டிகள் நிறுத்த இடம் வேண்டும் என்பது வழக்கின் வேர். இங்கு எதிர்நின்றவை விடுதலை உணர்வும் அடிமைச் சின்னமும் மட்டுமல்ல; இடநெருக்கடியும் ஒரு கட்சியாக நின்றது. சின்னங்கள் பல கொள்கையால் அழிவதில்லை. இடம் வேண்டும் என்பதால் அழிகின்றன. கொள்கை பின்னர் வந்து பொருந்திக்கொள்கிறது.

நம் வாசலில் உள்ள காலனி

இதுகாறும் வெள்ளையர் விட்டுச்சென்றதைப் பேசினோம். அது எளிது, அவர் போய்விட்டனர். இனிப் பேசவேண்டியது நம்மைப் பற்றி.

காலனி என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் குடியேற்றம். குடியேற்ற ஆதிக்கத்துக்கும் அதுவே வேர்ச்சொல். நம் வட்டாரத்தில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் படிந்தது. ஊர் ஒருபுறம்; காலனி மறுபுறம். மனிதரைக் கேளாமலே அவர் பிறப்பை முகவரியால் அறிந்துகொள்ளும் கொடுமைக்கு அச்சொல் கருவியாயிற்று. விண்ணப்பத்தில் அச்சொல்லை எழுதும்போது கை சற்றே தயங்கிய நண்பர் நம் வட்டத்திலேயே உண்டு. தம் கவிதைத் தொகுப்பின் பின்னட்டையில் ஊர்ப்பெயரை மட்டும் அச்சிட்டுத் தெருப்பெயரை விட்டுவிட்டவர் அவர். ஏன் விட்டீர் என்று அன்று நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

2025 ஏப்ரல் 29ஆம் நாள், காலனி என்னும் சொல் அரசு ஆவணங்களினின்று நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ‘மெட்ராஸ்’ சென்னையானதைவிட இது சிறிய செய்தியாகச் சிலர்க்குத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அயலான் நம்மைத் தவறாக அழைத்த பெயரை மாற்றுவது தன்மானம். நாமே நம்முள் ஒருவரை இழிவாக அழைத்த பெயரை மாற்றுவது அறம். முன்னதற்கு முழங்கியவர் பின்னதற்கு வாய்மூடி இருப்பாராயின், அவர் மீட்ட பெயரில் பாதி இன்னும் மீளவில்லை என்றே கொள்ளவேண்டும்.

அங்கும் ஓர் எச்சரிக்கை. பெயர்ப்பலகை மாறியபின் சுடுகாட்டுப் பாதையும் குடிநீர்க் குழாயும் பழையபடியே பிரிந்து கிடந்தால், சொல் போயும் பொருள் நின்றதாகும். மேலும், எச்சொல்லால் எம்மக்கள் இழிவுபடுத்தப்பட்டனர் என்னும் பதிவும் ஏட்டில் இருத்தல் வேண்டும். வாயினின்று நீங்கட்டும், வரலாற்றினின்று நீங்க வேண்டா.

வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள்

சொன்னவற்றைத் தொகுத்துரைப்பேன். பெயர் உயிருள்ளோர்க்கு உரியது; ஆகவே அதனை வாழ்வோர் நாவுக்கேற்ப மீட்பது முறை. கல் இறந்தோரின் சான்று. ஆகவே அதனை, நமக்கு இனியதாயினும் இன்னாததாயினும், காப்பது முறை. மதிக்கத் தகாத கல்லை நடுச்சாலையினின்று நகர்த்தலாம், நொறுக்கலாகாது. பெயரை மீட்பதும் கல்லைக் காப்பதும் பகையான இரு கொள்கைகள் என்று பேசுவோர், பெயரையும் கல்லையும் ஒன்றெனக் கருதி மயங்கினர்.

பெரும்பெயர்களுக்காக வாதிடும் நாம் சிறுபெயர்களை இழந்து வருகிறோம். சிப்காட் வந்த பின்னர்க் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பேருந்து நிறுத்தங்களுக்குத் தொழிற்சாலைப் பெயர்களே பெயராகின்றன. நம் பக்கத்திலும் ஏரியின் மதகுக்கு ஒரு பெயர், களத்துமேட்டுக்கு ஒரு பெயர், பாவு ஓட்டிய தெருவுக்கு ஒரு பெயர் என முதியோர் சிலர் நாவில் மட்டும் எஞ்சி நிற்கின்றன. எந்த ஆணையும் அவற்றை மாற்றவில்லை. கேட்பார் இன்றி அவை மறைகின்றன. அயலார் ஆட்சி நம் பெயரைத் திரித்தேனும் எழுதிவைத்தது. நாமோ எழுதாமலே விடுகிறோம்.

ஆகவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் மூத்தவர் ஒருவரை அணுகி, ஏரி, குளம், கழனி, தெரு, கல், மேடு ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுக. தமிழில் சொன்னால் தமிழிலும் தெலுங்கில் சொன்னால் அவ்வொலியிலும் உள்ளவாறே எழுதுக. ‘ஊர்’ப் பக்கம் மட்டும் கேட்டுத் திரும்பிவிடாமல், இதுவரை காலனி என்றழைத்த பக்கமும் சென்று, அங்குள்ளோர் தம் தெருவை எப்பெயரால் அழைக்க விரும்புகின்றனர் என்றும் கேட்டு எழுதுக. அடுத்த மலரில் கவிதைகளுக்கு முன்னே அப்பட்டியல் இடம்பெறுமாக.

அன்று பின்னட்டையில் தெருப்பெயரை விட்டுவிட்ட நண்பரும் அப்பட்டியலுக்குத் தம் தெருவின் பெயரைத் தம் கையாலேயே எழுதித் தருவார் என நம்புகிறேன். அப்பெயர் எதுவாயினும் அதுவே மீட்ட பெயர்.